பழைய கணினி விளையாட்டுகளும் நம் பள்ளி அலமாரியும்



கணினி விளையாட்டு என்றாலே நம்மில் பலர் முகம் சுளிப்போம். படிக்க வேண்டிய பிள்ளையின் நேரத்தை அது விழுங்கிவிடுகிறது என்பதே பெற்றோர் சந்திப்புகளில் நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு. அப்படியிருக்க, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய விளையாட்டுகளைத் தேடியெடுத்து இன்றைய கணினியில் இயக்கிப் பாருங்கள் என்று ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதினால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சற்றுப் பொறுமையோடு இறுதிவரை படிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் கருத்து இதுதான். பழைய விளையாட்டு ஒன்றைப் புதிய கணினியில் இயக்குவது வெறும் பொழுதுபோக்கு அன்று. கணினியில் உருவான ஒரு படைப்பு எவ்வாறு அழிகிறது, எவ்வாறு காப்பாற்றப்படுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் பாடம் அது. இந்தப் பாடம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இப்பொழுதே தேவைப்படுகிறது. ஏனெனில், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தமிழ் கற்பிப்பதற்காக நம் ஆசிரியர்கள் உருவாக்கிய மென்பொருள்களும் அதே வழியில் அழிந்துகொண்டிருக்கின்றன.

பழைய விளையாட்டு ஏன் இயங்க மறுக்கிறது?

1960-இல் அச்சான ஒரு நூலை இன்று படிக்க வேண்டுமானால் அதைத் திறந்தால் போதும். 1990-இல் வந்த ஒரு விளையாட்டு அப்படியன்று. வட்டு கெடாமல் இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவியின் மொழியைப் புரிந்துகொள்ளும் இயங்குதளம் வேண்டும். தடைகள் முதன்மையாக நான்கு.

முதலாவது, வேகம். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அக்கால விளையாட்டுகள் பலவற்றில் காலத்தை அளக்கத் தனிக் கடிகாரம் இல்லை. செயலியின் வேகமே கடிகாரம். அதே நிரலைச் சில மடங்கு வேகமான செயலியில் இட்டாலே எதிரி கண்ணிமைக்கும் முன் வந்து தாக்கிவிடுவான். இதற்காகவே பழைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்தது. பெயர்தான் டர்போ, அதன் உண்மையான பயன் கணினியின் வேகத்தைக் குறைப்பது! டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, பிந்தைய அதிவேகக் கணினிகளில் 'இயக்கப் பிழை 200' என்று கூறி நின்றே போயின. செயலியின் வேகத்தை அளக்க முயன்ற கணக்கு, தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்காமல் வழிந்ததே காரணம்.

இரண்டாவது, கட்டமைப்பு. டாஸ் காலத்து நிரல்களும் தொடக்கக்கால விண்டோஸ் நிரல்களும் 16 பிட் நிரல்கள். 64 பிட் விண்டோஸ் இவற்றை இயக்காது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வெளியாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 95 காலத்து விளையாட்டுகள் சில 32 பிட்டில் எழுதப்பட்டவை. ஆனால் அவற்றை நிறுவும் சிறு நிரல் 16 பிட்டாக இருக்கும். வீடு நன்றாக இருக்கிறது, சாவிதான் பூட்டில் நுழையவில்லை.

மூன்றாவது, பூட்டு. திருட்டுப் படிகளைத் தடுக்கக் குறுவட்டுகளில் பாதுகாப்பு நிரல்களை இணைத்தார்கள். அவற்றுள் சில, கணினியின் அடித்தளத்தில் புகுந்து இயங்கின. பிற்காலத்தில் அதுவே பாதுகாப்புக்கு ஊறு என்று கருதப்பட்டது. 2015-இல் வந்த விண்டோஸ் 10, 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டை ஏற்கவில்லை. அதனால் பணம் கொடுத்து முறையாக வாங்கியவரின் வட்டும் திறக்கவில்லை.

நான்காவது, திரை. டாஸ் விளையாட்டுகள் பல, குறுக்கே 320 புள்ளிகளும் நெடுக்கே 200 புள்ளிகளும் கொண்ட படத்தை, 4-க்கு 3 என்ற விகிதத் திரைக்காக வரைந்தன. இன்றைய அகன்ற திரையில் அப்படத்தை அப்படியே இழுத்துப் பரப்பினால் முகமெல்லாம் அகன்று, உடலெல்லாம் பருத்துத் தெரியும். குழந்தை அதைப் பார்த்து, பழைய ஓவியர்களுக்கு வரையத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடும்.

மீட்டவர்கள் கையாண்ட மூன்று வழிகள்

இவ்வளவு தடைகள் இருந்தும் இன்று ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் ஓடுகின்றன. அதற்குக் காரணமானவர்களுள் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்கள் கையாண்ட வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, பழைய கணினியையே மென்பொருளாக உருவாக்குவது. இத்தகைய மென்பொருளை எமுலேட்டர் என்பார்கள். 2002-இல் முதன்முதலாக வெளிவந்த 'டாஸ்பாக்ஸ்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினி இருப்பதுபோல் அது நடிக்கிறது. பழைய ஒலி அட்டை, பழைய திரை, பழைய வேகம் எல்லாம் அதில் உண்டு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். விளையாட்டு நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 2008-இல் போலந்து நாட்டிலிருந்து தொடங்கப்பட்ட 'கோக்' என்னும் விற்பனைத் தளம், டாஸ் விளையாட்டுகள் பலவற்றை இந்த டாஸ்பாக்சோடு சேர்த்தே விற்கிறது.

இரண்டு, விளையாட்டின் தரவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைப் படிக்கும் பகுதியை மட்டும் புதிதாக எழுதுவது. 2001-இல் தொடங்கப்பட்ட 'ஸ்கம்விஎம்' இவ்வகை. ஓலையை மாற்றாமல், அதைப் படிக்கத் தெரிந்த புதிய புலவரை அமர்த்துவதுபோல் இது. 1990-இல் வந்த 'மங்கி ஐலண்ட்' போன்ற கதை விளையாட்டுகள் இதன் உதவியால் இன்று கைத்தொலைபேசியில்கூட ஓடுகின்றன. 1994-இல் வெளியான 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' விளையாட்டின் மூலநிரலை, அதை உருவாக்கிய நிறுவனமே இந்தத் தன்னார்வலர்களிடம் கொடுத்து உதவியது. 2003-இல் அவ்விளையாட்டு அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது.

மூன்று, விளையாட்டின் நிரலைத் தொடக்கத்திலிருந்தே மீண்டும் எழுதுவது. கிறிஸ் சாயர் என்பவர் 1994-இல் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்', பெரும்பாலும் செயலியின் மொழிக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. அதனால் அது தன் காலத்துச் செயலியோடு கட்டுண்டு கிடந்தது. 2004 முதல் தன்னார்வலர்கள் அதை வேறு மொழியில் மீண்டும் எழுதி 'ஓபன்டிடிடி' என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். 2010-இல் வந்த அதன் 1.0 பதிப்பிலிருந்து, பழைய விளையாட்டின் படங்களோ ஒலிகளோ இல்லாமலேயே அதை முழுமையாக விளையாட முடிகிறது.

தந்தை காத்த பெட்டி

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டைத் தொண்ணூறுகளில் கணினி வாங்கிய குடும்பங்கள் பலவும் அறிந்திருக்கும். அறுபது நிமிடங்களுக்குள் சிறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். வீரன் ஓடுவதும் தாவுவதும் விளிம்பைப் பற்றித் தொங்குவதும் உண்மை மனிதனைப்போலவே இருக்கும். ஜோர்டன் மெக்னர் தம் தம்பியை ஓடவிட்டும் தாவவிட்டும் படம்பிடித்து, ஒவ்வொரு படத்தையும் பார்த்து வரைந்து உருவாக்கிய அசைவுகள் அவை. விளையாட்டு 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது.

இவ்வளவு புகழ்பெற்ற விளையாட்டின் மூலநிரல் பல ஆண்டுகள் காணாமற்போயிருந்தது. எழுதியவரிடமே அது இல்லை! 2012-இல் அவருடைய தந்தையார் தம் வீட்டு அலமாரியின் உட்புறத்தில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதற்குள் இருந்த நெகிழ்வட்டுகளில் அந்த மூலநிரல் இருந்தது. பழைய கருவிகளை இன்னும் பாதுகாத்து வைத்திருந்த வல்லுநர்களின் துணையோடு அவ்வாண்டு ஏப்ரலில் அது படித்தெடுக்கப்பட்டு, யாவரும் காணுமாறு இணையத்தில் வெளியிடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நிரலைக் காத்தது பெரிய நிறுவனமோ காப்பகமோ அன்று. மகன் எழுதியதைத் தூக்கி எறிய மனம் வராத ஒரு தந்தை. காந்தவட்டில் எழுதியது காலப்போக்கில் மங்கும். அந்தப் பெட்டி இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஓர் ஆசிரியரின் விளையாட்டு

ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு செய்தி 'ஓரிகன் டிரெயில்' விளையாட்டின் வரலாறு. 1971-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்க வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த மக்களின் பயணம்தான் பாடம். அவருடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்னும் இரண்டு பயிற்சி ஆசிரியர்கள் நிரல் எழுத உதவினர். திரை கிடையாது, தொலைத்தட்டச்சுப் பொறி காகிதத்தில் அச்சடிக்கும் சொற்களே விளையாட்டு. மாணவர்கள் உணவு, உடை, தோட்டா எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வாங்கி, வழியில் வரும் நோயையும் பஞ்சத்தையும் சமாளித்தார்கள்.

பருவம் முடிந்ததும் ராவிட்ச் அந்த நிரலைப் பள்ளிக் கணினியிலிருந்து அழித்துவிட்டார். ஆனால், அழிக்கும் முன் அதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1974-இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் பணிக்குச் சேர்ந்தபோது, அந்த அச்சுப்படியைப் பார்த்து நிரலை மீண்டும் தட்டச்சு செய்தார். குடியேறியவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் எந்த இடர் எவ்வளவு நேரும் என்பதையும் திருத்தினார். அதன் பிறகே அது மாநிலப் பள்ளிகளுக்குப் பரவியது. 1985-இல் ஆப்பிள் 2 கணினிக்காகப் புதிய வடிவம் பெற்று, ஒரு தலைமுறை அமெரிக்க மாணவர்களின் வகுப்பறை நினைவாகவே ஆகிவிட்டது.

அந்தக் காகிதச் சுருள் மட்டும் இல்லாதிருந்தால், ஒரு வகுப்பில் சில நாள்கள் ஓடிய பயிற்சியாகவே அது முடிந்திருக்கும். நம் பள்ளிகளிலும் எத்தனையோ ஆசிரியர்கள் தம் வகுப்புக்காக ஒரு பயிற்சி, ஒரு சொல் விளையாட்டு, ஒரு புதிர் உருவாக்கியிருக்கிறார்கள். அவற்றின் 'காகிதச் சுருள்' எங்கே என்பதுதான் என் கேள்வி.

தப்பியவை சிலவே

தப்பிப் பிழைத்தவற்றின் கதைகளை மட்டும் கேட்டால் எல்லாம் எப்படியோ காப்பாற்றப்பட்டுவிடும் என்ற எண்ணம் வரும். உண்மை நிலை வேறு. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் ஏறத்தாழ 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பெரும் பணம் புரளும் ஒரு தொழிலிலேயே இந்த நிலை என்றால், சில நூறு படிகள் மட்டுமே வெளிவந்த ஒரு தமிழ்க் குறுவட்டின் கதி என்ன?

கணினிக் கழகத்தில் கண்டது

என் பள்ளிக் கணினிக் கழகத்தில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓபன்டிடிடி விளையாட்டை அறிமுகப்படுத்தினேன். சட்டச் சிக்கல் இல்லாதது, வன்முறை இல்லாதது, பள்ளியின் பழைய கணினியிலும் தடையின்றி ஓடுவது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். கடன் வாங்கித் தொழில் தொடங்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின்நிலையத்திற்குத் தொடர்வண்டிப் பாதை இட வேண்டும். மலையைக் குடைவதா, சுற்றிப் போவதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் முணுமுணுப்புதான். "படம் எல்லாம் சின்னதாக இருக்கிறதே ஐயா" என்றார்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு குழுவின் நிறுவனம் கடனில் மூழ்கியது. காரணத்தைத் தேடியபோது, இரண்டு தொடர்வண்டிகள் ஒரே பாதையில் எதிரெதிரே நின்றதால் சரக்கு தேங்கிக் கிடந்தது தெரிந்தது. சைகை விளக்கு எதற்கு இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மொழிப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அதில் தமிழும் இருக்கிறது. கட்டளைகள் தமிழில் மாறியதும் அறையில் எழுந்த ஆரவாரத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். சில நிமிடங்களில் சொல் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. "இந்தச் சொல்லைவிட நல்ல சொல் இருக்கிறது ஐயா" என்று ஒரு மாணவி வாதிட்டாள். "இதைத் தமிழில் எழுதியது யார்?" என்று ஒருவன் கேட்டான். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் தன்னார்வலர்கள் என்றேன். "அப்படியென்றால் நாமும் எழுதலாமா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

மொழிப்பாட வகுப்பில் இத்தகைய கேள்வியைப் பெற நான் பல முறை முயன்றிருக்கிறேன். நிரல் திறந்திருந்தபடியால் இந்தக் கேள்வி பிறந்தது. பூட்டிக் கிடந்த பழைய டாஸ் விளையாட்டில் தமிழ் நுழைந்திருக்க வழியே இல்லை.

உயிரோடு இருப்பதில்தான் தமிழ் சேரும்

இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டை இன்றைய இளம் பெற்றோர்கள் பலர் இணைய மையங்களில் விளையாடியிருப்பார்கள். அதை உருவாக்கிய 'என்செம்பிள் ஸ்டுடியோஸ்' 2009-இல் மூடப்பட்டது. ஆனால் விளையாட்டை விரும்பியவர்கள் விடவில்லை. அவர்களே புதிய நாகரிகங்களை உருவாக்கிச் சேர்த்தார்கள். அந்த முயற்சி 2013-இல் அதிகாரப்பூர்வப் பதிப்பாகவே வெளிவந்தது. 2019-இல் விளையாட்டு முழுவதும் இன்றைய திரைகளுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வந்த இணைப்பில் திராவிடர் நாகரிகம் இடம்பெற்றது. அதன் வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள். இராசேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் உண்டு. கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்ற அம்மன்னனின் கடாரம், நம் கெடா மாநிலம்தான் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

1999-இல் அந்த விளையாட்டில் தமிழ் இல்லை. 23 ஆண்டுகள் அது உயிரோடு இருந்ததால் தமிழ் அதில் சேர்ந்தது. இறந்துபோன விளையாட்டில் எந்த மொழியும் சேராது.

எழக்கூடிய மறுப்புகள்

'பிள்ளைகளை மேலும் விளையாடத் தூண்டுகிறீர்களே' என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் ஏற்கனவே விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுகள் பலவற்றில் முடிவு என்பதே இல்லை. நாள்தோறும் அழைக்கும், விளம்பரம் காட்டும், பணம் கேட்கும். பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு முறை வாங்கினால் முடிந்தது. தொடக்கம், நடு, முடிவு உண்டு. வென்றால் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எதைக் கொடுப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோரிடம் இருக்கிறது.

'பழையவை எல்லாம் நல்லவையா' என்றும் கேட்கலாம். இல்லை. 1993-இல் வந்த 'டூம்' நிரல் கலையில் ஒரு மைல்கல். ஆனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு உரியதன்று. அமெரிக்காவின் வயது மதிப்பீட்டு வாரியம் 1994-இல்தான் தோன்றியது. அதற்கு முந்திய பெட்டிகளில் வயதுக் குறிப்பு பெரும்பாலும் இராது. ஆகவே முதலில் பெற்றோர் விளையாடிப் பார்க்க வேண்டும்.

'இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, எடுத்துக்கொள்ளலாமா' என்பது மூன்றாவது கேள்வி. பழையது என்பதால் ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது. உரிமையாளர் அனுமதித்தவை, விலைக்குக் கிடைப்பவை, கட்டற்ற மென்பொருளாக எழுதப்பட்டவை என இம்மூன்றுக்குள்ளேயே போதுமான அளவு இருக்கின்றன. அறியாத தளங்களிலிருந்து இறக்கினால் நச்சுநிரலும் கூடவே வந்து சேரும். பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பிக்கும் நாம் இதில் வழுவக்கூடாது.

நம் அலமாரியில் இருப்பவை

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிகளுக்குக் கணினிக் கூடங்கள் வந்தன. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது மடிக்கணினிகளும் பாடக் குறுவட்டுகளும் வந்தன. தமிழுக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு, பல ஆசிரியர்கள் இரவு கண்விழித்துத் தாங்களே செய்தார்கள். உயிரெழுத்துப் பயிற்சி, இணைமொழிப் புதிர், ஃபிளாஷ் மென்பொருளில் அசையும் கதைகள் எனப் பலவும் உருவாயின.

இன்று அவற்றின் நிலை என்ன? ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி கோப்புகளைத் திறக்கவே மறுத்தது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் குறுவட்டு நுழைக்கும் இடமே இல்லை. போதாக்குறைக்கு நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்.

ஓலைச்சுவடி சிதைவதற்கு முன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தவர்களால்தான் நம் இலக்கியங்கள் நம்மிடம் வந்தன. சுவடிக்காவது நூற்றாண்டுகள் அவகாசம் இருந்தது. குறுவட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. பள்ளி அலமாரியிலும் வீட்டிலும் உள்ள குறுவட்டுகள், நெகிழ்வட்டுகளைப் பட்டியலிடுங்கள். யார் செய்தது, எந்த ஆண்டு, எந்த விண்டோஸில் ஓடியது, எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

2. யூஎஸ்பி வழி இணைக்கும் குறுவட்டு இயக்கி இன்றும் வாங்கக் கிடைக்கிறது. கோப்புகளை மட்டும் பெயர்க்காமல், வட்டு முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்து வையுங்கள். ஒரு படி பள்ளியில், மற்றொன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

3. செய்த ஆசிரியர்களை, ஓய்வு பெற்றிருந்தாலும், தேடிச் சென்று கேளுங்கள். ஃபிளாஷில் இறுதி வடிவம் ஒரு கோப்பு, திருத்தக்கூடிய மூல வடிவம் வேறொரு கோப்பு. மூல வடிவம் அவருடைய பழைய கணினியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். பயன்படுத்தும் அனுமதியையும் அப்பொழுதே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

4. இயக்கிப் பாருங்கள். டாஸ் நிரலுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. ஃபிளாஷ் கோப்புக்கு 'ரஃபிள்' என்னும் கட்டற்ற எமுலேட்டர் இருக்கிறது. அமெரிக்காவின் இணையக் காப்பகம் 2020 முதல் பழைய ஃபிளாஷ் படைப்புகளை இதன் வழியாகவே ஓடச்செய்கிறது. இப்பணியைக் கணினிக் கழக மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். பழைய விளையாட்டை இயக்கிப் பழகிய பிள்ளைக்கு இது எளிது.

5. இனி உருவாக்குபவற்றை ஒருங்குறியிலும், ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் நம்பியிராத பொது வடிவங்களிலும் உருவாக்குங்கள். மூலக் கோப்பையும் சேர்த்தே பகிருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு விடுமுறை நாளில் நீங்கள் இளமையில் விளையாடிய விளையாட்டு ஒன்றை முறையாகப் பெற்று, பிள்ளையோடு அமர்ந்து இயக்கிப் பாருங்கள். முதல் முயற்சியில் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். அந்தத் தேடலே பாதிப் பாடம்.

நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு குறுவட்டை மீட்டாலும் ஐந்நூறு படைப்புகள் மிஞ்சும். அவற்றைச் செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வட்டுகள் பலவும் இன்னும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் கழித்து இவ்விரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வரும் பள்ளி விடுமுறைக்குள் உங்கள் அலமாரியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.